ஹிமாலயனா, டோமினாரா? ஒரு வரலாற்று வாத்தியாரின் பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருக்கிறார். வீடு காஞ்சிபுரம் பக்கம். அம்மா கட்டி வந்த சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அதில் செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, இன்னொன்று பஜாஜ் டோமினார் 400. விலை ஏறக்குறைய ஒன்றுதான். "எதை வாங்கலாம் சார்?" என்று கேட்டிருக்கிறார்.

எஞ்சினைப் பற்றி மெக்கானிக்கிடம்தான் கேட்க வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது வேறு. இந்த இரண்டு வண்டிகளும் இரண்டு வேறு குலங்களைச் சேர்ந்தவை. ஒன்றை அட்வெஞ்சர் பைக் என்கிறார்கள், மற்றொன்றை ஸ்போர்ட் டூரிங் பைக் என்கிறார்கள். அந்தப் பெயர்கள் எங்கே, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். இதே கேள்வி உங்களில் பலருக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்போர்ட் டூரிங் வண்டியின் கதை. இது நல்ல சாலையின் பிள்ளை. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளை ஹிட்லர்தான் கண்டுபிடித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கொலோன் நகரையும் பான் நகரையும் இணைத்த முதல் நெடுஞ்சாலை 1932-இலேயே திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் கொலோன் மேயர் கான்ராட் அடினாவர். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரும் அவரே. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933-இல்தான். குறுக்குச் சாலைகள் கிடையாது, எதிரே வண்டி வராது, ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகலாம். இப்படி ஒரு சாலை வந்ததும் வண்டி ஓட்டுபவனுக்குப் புதிய எதிரி ஒருவன் வந்தான். அவன் பெயர் காற்று.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இது இயற்பியல் வாத்தியார் நடத்திய பாடம், மறந்திருக்க மாட்டீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் இதமாக இருக்கும் காற்று 100-இல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும், 130-இல் கழுத்தைப் பிடிக்கும். ஆகவே நெடுந்தூரம் வேகமாகப் போக வேண்டுமானால் எஞ்சின் சக்தி மட்டும் போதாது, ஓட்டுபவரைக் காற்றிலிருந்து மறைக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1976-இல் ஆர்100ஆர்எஸ் என்ற வண்டியைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் ஹான்ஸ் மூத். இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, ஃபேரிங் என்கிற முன் உறையைச் செதுக்கினார்கள். தொழிற்சாலையிலிருந்தே முழு ஃபேரிங்குடன் வெளிவந்த தொடக்ககால வண்டிகளில் இது ஒன்று. 70 குதிரைத்திறன். இருவர் அமர்ந்து, பக்கப் பெட்டிகளில் துணிமணியை வைத்துக்கொண்டு, ஒரே நாளில் நாடு விட்டு நாடு போகலாம்.

ஜப்பானியர்கள் விடுவார்களா? எண்பதுகளில் அவர்களும் இறங்கினார்கள். ஹோண்டா 1990-இல் ஐரோப்பியச் சாலைகளுக்கென்றே ஒரு வண்டியைத் தந்தது. பெயரே பான் யூரோப்பியன். பெட்ரோல் டேங்க் 28 லிட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சின். செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். இந்தக் குலத்தின் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் 17 அங்குலத்தை ஒட்டிய சக்கரங்கள், தரையை ஒட்டிய உடல், உயர் வேகத்தில் களைக்காத எஞ்சின், வலுவான பிரேக், பின்னால் அமர்பவருக்கும் இடம்.

இனி அடுத்த குலம். இது சாலை முடிந்த இடத்தில் பிறந்தது. 1977-இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் அபிஜான் முதல் நீஸ் வரையிலான ஒரு பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். உயிர் பிழைத்து வந்தவர் இனிப் பாலைவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரையும் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. செனகல் நாட்டின் டக்கார் வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தவை 74. மோட்டார் சைக்கிளில் முதலில் வந்தவர் சிரில் நெவ்யூ. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி500. ஒரே சிலிண்டர், எளிமையான அமைப்பு. பாரிஸ்–டக்கார் பந்தயம் தொடங்கிய கதை இதுதான்.

அந்தச் சமயத்தில் பி.எம்.டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் பிரிவு தள்ளாடிக்கொண்டிருந்தது. 1980-இல் அவர்கள் ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டார்கள். ஜெர்மன் மொழியில் 'ஜி' என்றால் காடுமேடு, 'எஸ்' என்றால் சாலை. ஒரே வண்டி இரண்டிலும் போகும் என்பது பொருள். சுமார் 800 சி.சி., 50 குதிரைத்திறன், முன்னால் 21 அங்குலச் சக்கரம். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் விழாமல் உருண்டு தாண்டும். நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது என்று யோசித்தால் இது புரியும். 1981-இல் ஊபெர் ஓரியோல் இந்த வண்டியின் பந்தய வடிவத்தில் டக்கார் பந்தயத்தை வென்றார், 1983-இல் மீண்டும் வென்றார். 1984, 1985 ஆண்டுகளில் பெல்ஜியத்தின் காஸ்தோன் ராயே வென்றார். ராயே உயரம் குறைந்த மனிதர். அந்தப் பந்தய வண்டியில் உட்கார்ந்தால் கால் தரையில் சரியாக எட்டாது. "சீட்டு உயரமா இருக்கே" என்று கவலைப்படும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வெற்றிகளைக் கொண்டாட 1984-இல் பாரிஸ்–டக்கார் என்ற பெயரிலேயே ஒரு சிறப்பு வண்டி விற்பனைக்கு வந்தது. டேங்க் 32 லிட்டர். சீட்டு ஒருவருக்கு மட்டும், பின்னால் சாமான் வைக்கும் கேரியர். இதைக் கவனியுங்கள். இந்தக் குலத்து வண்டிகள் கனவு காண்பது தனி ஆளைத்தான். பின்னால் உட்காருபவர் பிறகுதான் நினைவுக்கு வருவார்.

இன்னொன்றையும் வரலாற்று வாத்தியாராகச் சொல்ல வேண்டும். முதல் பந்தயத்தின் வழி அல்ஜீரியா, நைஜர், மாலி, அப்பர் வோல்ட்டா, செனகல். எல்லாமே பிரான்சின் பழைய காலனிகள். பந்தயக்காரருக்கு அது சாகசம். அந்தப் பாதையில் ஆடு ஓட்டிக்கொண்டு நடப்பவருக்கு அது தினப்படி வழி. நம் ஜவ்வாது மலைக்கும் இது பொருந்தும். நகரத்திலிருந்து வார இறுதியில் வருபவர் ஆஃப் ரோடு என்று படம் எடுத்துப் போடும் அதே மண்பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். நம் ஆசிரியருக்கு அது அட்வெஞ்சர் அல்ல, அலுவலகம் போகும் வழி.

இந்த இரண்டு குலங்களும் பெயர் பெறுவதற்கு முன்பே உலகம் சுற்றியவர்கள் உண்டு. டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 1973 அக்டோபர் 6 அன்று லண்டனிலிருந்து கிளம்பினார். நான்கு ஆண்டுகள், 45 நாடுகள், ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். நம் இந்தியாவுக்கும் வந்தார். ஓட்டியது டிரையம்ப் டைகர் 100. 500 சி.சி. கொண்ட சாதாரண சாலை வண்டி. வண்டி பழுதானபோதெல்லாம் தானும் வழியில் கிடைத்த மனிதர்களுமாகச் சரி செய்துகொண்டு போனார்.

2004-இல் யூவன் மெக்கிரெகர், சார்லி பூர்மன் என்ற இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு நியூயார்க் வரை போனார்கள். பெரிய பி.எம்.டபிள்யூ அட்வெஞ்சர் வண்டிகள். தொலைக்காட்சித் தொடராக வந்து உலகமெங்கும் இந்த வகை வண்டிக்கு ஆசையைக் கிளப்பியது அந்தப் பயணம்தான். ஆனால் அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளரின் பி.எம்.டபிள்யூ உடைந்துபோனது. அதற்குப் பதிலாக ரஷ்யத் தயாரிப்பான எளிய இஷ் வண்டி ஒன்றை வாங்கி அதில் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த ஊர்ச் சாலைக்கு அந்த ஊர்க்காரர் ஓட்டும் வண்டி போதுமானதாக இருந்தது. விளம்பரத்தில் இந்தப் பகுதி வராது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. அதன் முதல் பெரிய வாடிக்கையாளர் நம் ராணுவம். 1960-இல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானது. அவர்கள் போட்ட ராணுவச் சாலைகள்தான் பின்னாளில் லடாக் பயணிகளின் பாதை ஆயின. 1974-இல் லே பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அங்கே கர்துங் லா என்ற கணவாயில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது உண்மையில் 17,582 அடிதான். பலகையில் எழுதியிருப்பது ஒன்று, அளந்தால் வருவது வேறு. பழைய வண்டியின் ஓடோமீட்டரைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அந்த மலைச் சாலைகளை மனதில் வைத்துப் பிறந்ததுதான் ஹிமாலயன். 2016 மார்ச்சில் வெளிவந்தது. 411 சி.சி., 24.5 குதிரைத்திறன், முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். ஜி/எஸ் குலத்தின் ஜாடை அப்படியே தெரிகிறதா? அதே ஆண்டு டிசம்பரில் வந்தது டோமினார். 373 சி.சி., 35 குதிரைத்திறன், 2019-இல் அது 40 ஆனது. இரண்டு சக்கரங்களும் 17 அங்குலம், தரை இடைவெளி 157 மில்லிமீட்டர், ரேடியேட்டர் வைத்துக் குளிர்விக்கும் எஞ்சின், ஆறு கியர். இது நெடுஞ்சாலைக் குலம். 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை இல்லாவிட்டால் இந்த வண்டிக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இந்தக் குலம் பிறந்தது ஆட்டோபானில். நம் நாட்டிலோ அந்த வகைச் சாலைகள் பலவற்றில் இருசக்கர வாகனம் நுழையவே முடியாது. மும்பை–புனே விரைவுச் சாலையில் அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் தடை. நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஆகவே 40 குதிரைத்திறனில் பெரும்பகுதி சட்டப்படி ஓட்டுபவருக்கு வெறும் கையிருப்புதான். கையிருப்பு தவறில்லை. லாரியை முந்தும்போது அது உயிர்க்காப்பு. ஆனால் அதற்காக வேறு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி, தம்பி, உன் கணக்குக்கு வருகிறேன். நீ அனுப்பிய விவரப்படி வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வருகிறாய். காஞ்சிபுரம் பக்கமிருந்து வேலூர் வரை நான்கு வழிச் சாலை, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். போக வர 140. அதன்பின் போளூர் வழியாக மலை ஏறுகிறாய். மலையில் அறைக்கும் பள்ளிக்கும் நடுவே 4 கிலோமீட்டர் உடைந்த பாதை. ஒரு நாளைக்கு 8, ஐந்து நாளைக்கு 40. போளூர்ச் சாலையிலும் மலைச் சாலையிலும் இரண்டு வண்டியும் நன்றாகவே போகும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 140 எங்கே, 40 எங்கே, அதனால் டோமினார்தான் சரி என்று உன் நண்பர்கள் சொல்கிறார்கள்.

கிலோமீட்டரை எண்ணாதே, நேரத்தை எண்ணிப் பார். 140 கிலோமீட்டரை 70 வேகத்தில் போனால் 2 மணி நேரம். உடைந்த பாதையில் 15 வேகத்துக்கு மேல் போக முடியாது என்கிறாய். 40 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிடம். வாரத்தில் அதிக நேரம் நீ வாழ்வது அந்த உடைந்த பாதையில்தான். மழைக்காலத்தில் வண்டி வழுக்கும் இடமும் அதுதான். விழுந்தால் தூக்கிவிட ஆள் வர நேரமாகும் இடமும் அதுதான். நான்கு வழிச் சாலையில் ஹிமாலயன் 80 வேகத்தில் தாராளமாகப் போகும், அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை. உடைந்த பாதையில் டோமினாரின் அடிவயிறு கல்லில் இடிக்கும். அதற்கு நீ எதுவும் செய்ய முடியாது.

எஞ்சினும் இதையே சொல்கிறது. ஹிமாலயன் தன் முழு இழுவையையும் எஞ்சின் 4,000 சுற்றுகளைத் தாண்டியதுமே கொடுத்துவிடும். டோமினாருக்கு 6,500 வேண்டும். மலை ஏற்றத்தில் மெதுவாக, அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விடாமல் ஏற வேண்டியவனுக்கு முன்னதுதான் நல்லது.

"மலையில் பால்காரர் 100 சி.சி. வண்டியில்தானே போகிறார்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மங்கோலியாவின் பாடமும் அதுதான். நீ மலையிலேயே இருப்பவனாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன், அம்மாவின் பணமும் மிச்சமாகியிருக்கும். ஆனால் மாதம் ஒருமுறை அம்மாவை மருத்துவரிடம் காட்ட வேலூருக்கு நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே கூட்டிப் போகிறாய். அங்கே வண்டிக்குக் கனமும், நல்ல பிரேக்கும் வேண்டும். ஆகவே என் பதில் ஹிமாலயன். உனக்குச் சமவெளிக்கு மாறுதல் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பதில் மாறும். அப்போது டோமினார்.

வாங்கும் முன் ஆண்டைப் பார். 2016-இல் வந்த முதல் ஹிமாலயன்களில் கார்புரேட்டர், 2017-இல் பி.எஸ்.4 வந்தபின் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரல் 1 முதல். அதற்கு முந்தைய வண்டி என்றால் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள். இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மலைப்பாதையில் ஈர இலை கிடக்கும் வளைவில் அந்த விலை வித்தியாசம் உதவாது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போ. எஞ்சினைத் தொட்டுப் பார், குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேள். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு இருக்கிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் தட்டுகிறதா, ஸ்போக் சக்கரம் சுற்றும்போது ஆடுகிறதா, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள். ஓடோமீட்டரில் உள்ள எண்ணை சர்வீஸ் பில்களோடு ஒப்பிடு.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருக்கிறதா, இருந்தால் அதை நீக்கியாயிற்றா, அபராதம் நிலுவை உண்டா, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடு. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றிக்கொள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்பது நம் ஊரில் பலரைக் கோர்ட் வாசலில் நிறுத்திய சொல்.

நம் மாணவர்களில் மெக்கானிக்காக இருப்பவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் யாராவது வண்டி பார்க்கும் நாளில் தம்பியோடு போய் வந்தால் எனக்கு மகிழ்ச்சி. பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித் தரப் போகும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். கடைக்குப் போகும் முன், பிள்ளை ஒரு வாரத்தில் போகும் வழிகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாலைவனமும் ஆட்டோபானும் அதில் இருக்காது. இருப்பதற்கு ஏற்ற வண்டியை வாங்கிக் கொடுங்கள்.

தம்பி, கடைசியாக ஒன்று. அந்தச் சீட்டுப் பணத்தில் முதல் செலவு வண்டிக்கு அல்ல, இரண்டு நல்ல ஹெல்மெட்டுக்கு. இரண்டாவது அம்மாவுக்கு. அவரையும் கடைக்குக் கூட்டிப் போய், தலையில் மாட்டிப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்